கடைவீதியில் கிறிஸ்துமஸ்: வாங்குவதன் அரசியலும் வாங்க மறுப்பதன் அரசியலும்

ஓர் ஓவியத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்று ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த நார்மன் ராக்வெல் என்ற ஓவியர், கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த ஊர்க் கடைவீதி இருக்கும் கோலத்தை வரைந்தார். படம் 1967 டிசம்பரில் 'மெக்கால்ஸ்' என்ற பெண்கள் பத்திரிகையில் வெளியானது. பனி மூடிய தெரு, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் கடைகள், ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் அந்தத் தெருவில் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். படத்தில் இருப்பதுபோலவே பழங்காலத்துக் கார்களைக் கொண்டுவந்து தெருவோரம் நிறுத்திவைக்கிறார்கள். வெளியூர் ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கையில் ஒரு பையோடு திரும்பிப் போகிறார்கள். தெருவைப் பார்த்துப் படம் வரைந்த காலம் போய், படத்தைப் பார்த்துத் தெருவை அமைக்கிற காலம்.

போத்ரியா படித்த நண்பர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். அசல் இல்லாத நகல், டிஸ்னிலேண்ட், அதீத யதார்த்தம் என்று வரிசையாக வரும். வரட்டும், தப்பில்லை. 1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டின் நுழைவிலேயே 'மெயின் ஸ்ட்ரீட்' என்று ஒரு போலிக் கடைவீதி இருக்கத்தான் செய்கிறது. வால்ட் டிஸ்னி சிறுவயதில் இருந்த மிசூரி மாநிலத்து மார்சலின் ஊரின் நினைவில் கட்டியது. அங்கே மேல்மாடிகளை வேண்டுமென்றே அளவு குறைத்துக் கட்டியிருக்கிறார்கள், கண்ணுக்குக் கட்டடம் உயரமாகத் தெரிய. ஆனால் 'எல்லாம் பிம்பம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஒரு விஷயம் விட்டுப்போகும். ஸ்டாக்பிரிட்ஜில் அன்றைக்கு விற்கிற மெழுகுவர்த்தி நிஜம். விற்கிறவர் கட்டியாக வேண்டிய ஜனவரி மாத வாடகை அதைவிட நிஜம்.

ராக்வெல்லின் படத்திலேயே இன்னொரு தடயம் கிடக்கிறது. ஓரத்தில் 'ரெட் லயன் இன்' என்ற பெரிய தங்கும் விடுதி இருட்டாக நிற்கிறது. அந்தக் காலத்தில் குளிர் வந்தால் விடுதியை மூடிவிடுவார்கள், வர ஆள் கிடையாது. அதாவது படம் பதிவுசெய்திருப்பது வியாபாரம் இல்லாத மாதத்தை. இன்று அந்த விடுதி வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது. மந்தமான மாதத்தின் படமே அந்த மாதத்தை 'சீசன்' ஆக்கியிருக்கிறது. இன்னொன்று. அதே 1967இல் அதே ஊரைப் பற்றி ஆர்லோ கத்ரி என்ற பாடகர் ஒரு நீண்ட பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். நன்றி நவிலும் நாளன்று குப்பை கொட்டிய வழக்கில் போலீஸ் பிடித்ததையும், வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் அந்தக் குப்பை வழக்கு விசாரிக்கப்பட்டதையும் கேலி செய்யும் பாட்டு. ஒரு தெருவுக்கு இரண்டு பிரதிகள். டிசம்பரில் தெருவில் இறக்கி நிறுத்துவது முதல் பிரதியை.

இந்தக் கட்டுரையின் அக்கறை, இப்படிப்பட்ட பண்டிகைக் கால விழாக்கள் சிறு கடைகளுக்கு என்ன செய்கின்றன என்பது பற்றியது. கூடவே, கடைவீதியின் சாவு பற்றிய கேள்வியை அவை யாருடைய தலையில் கட்டுகின்றன என்பது பற்றியும். என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சட்டமும் வரியும் சாலையும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை, வாங்குகிறவனின் பாசத்தால் சரிக்கட்டச் சொல்லும் ஏற்பாடு இது. அதே பண்டிகைக் காலத்தை நேர் எதிராகப் பயன்படுத்திய வரலாறும் அதே நாட்டில், அதே மாதிரிக் கடைவீதியில் இருக்கிறது. அதை யாரும் விழாவாகக் கொண்டாடுவதில்லை.

*

முதலில் விழா எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 'டவுன்டவுன்' என்றால் நமக்கு வானளாவிய கட்டடங்கள் ஞாபகம் வரும். சிற்றூரில் அது நாலைந்து 'பிளாக்' நீளமுள்ள ஒரு கடைவீதிதான். இரண்டு மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு, இல்லையென்றால் வக்கீல் ஆபீஸ், பல் டாக்டர். நவம்பர் நாலாவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அதையொட்டி விழாக்காலம் ஆரம்பமாகிறது. ஊர்ச் சதுக்கத்தில் மரத்துக்கு விளக்கேற்றுவார்கள். சாண்டா கிளாஸ் தீயணைப்பு வண்டியில் வந்து இறங்குவார். பள்ளிக்கூட பேண்டு வாத்தியம், குதிரை வண்டி, சூடான சாக்லேட், எந்தக் கடையின் ஜன்னல் அலங்காரம் சிறந்தது என்று ஒரு போட்டி. ஆறு மணிக்கு மூடும் கடைகள் எட்டு, ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெயர் 'கிறிஸ்துமஸ் விழா' என்றில்லாமல் 'விடுமுறைக்கால விழா' என்றிருக்கும். யூதரும் மற்றவரும் வர வேண்டுமே. சந்தைக்கு மதச்சார்பின்மை எளிதில் கைவருகிறது.

இதில் ஒரு சின்னத் தந்திரம் கவனிக்கத்தக்கது. வருகிறவர்கள் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். ஒவ்வொரு கடையிலும் நுழைந்தால் முத்திரை. அட்டை நிறைந்தால் குலுக்கல் பரிசு. எதற்கு இது? கூட்டம் வேறு, வியாபாரம் வேறு என்பது விழா நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். விழா ராத்திரியில் சாப்பாட்டுக் கடைகளும் காபிக் கடைகளும் நிரம்பி வழியும். செருப்புக் கடைக்காரருக்கோ, குளிருக்கு ஒதுங்க வருகிறவர்களும் கழிப்பறை எங்கே என்று கேட்கிறவர்களும்தான் மிச்சம். கையில் சாக்லேட் கோப்பையும் தோளில் குழந்தையுமாக வருகிறவர் செருப்பு போட்டுப் பார்க்க மாட்டார். ஆகவே தெருவில் நடக்கிற காலை வாசற்படி தாண்ட வைக்க ஓர் அட்டை தேவைப்படுகிறது. கடைவீதி மேம்பாட்டுப் பயிற்சிகளில் இதை மூன்றாகவே பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஊரின் பெயரை நல்லதாக்கும் விளம்பரம், கூட்டம் சேர்க்கும் விழா, கல்லாவை நிரப்பும் விற்பனை நிகழ்ச்சி. முதல் இரண்டையும் மூன்றாவது என்று நினைத்து ஏமாறாதே என்பது பாடம்.

செலவை யார் போடுகிறார்கள்? நகராட்சி கொஞ்சம், உள்ளூர் வங்கி கொஞ்சம். சில ஊர்களில் கடைவீதிக் கட்டடச் சொந்தக்காரர்கள் கட்டும் கூடுதல் தீர்வை. அந்தத் தீர்வை வாடகையில் ஏறி மறுபடி கடைக்காரர் தலைக்கே வரும். மற்றதெல்லாம் இலவச உழைப்பு. பல ஊர்களில் சம்பளம் வாங்குகிற ஆள் ஒரே ஒருவர், மீதிப்பேர் தன்னார்வலர்கள். விளக்குச் சரத்தை ஏணி வைத்துக் கட்டுவதும், மறுநாள் காலையில் காகிதக் கோப்பைகளைப் பொறுக்குவதும் அவர்கள்தான்.

இந்த அமைப்புக்கு ஒரு மூலம் உண்டு. 1977இல் வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை மூன்று சிற்றூர்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது: இல்லினாய்ஸில் கேல்ஸ்பர்க், இண்டியானாவில் மேடிசன், தெற்கு டகோடாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ். 1980இல் அதற்கென்று தேசிய மெயின் ஸ்ட்ரீட் மையம் உருவானது. பழைய கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார், கடைக்காரர்களை ஒன்று சேர், விளம்பரம் செய், புது வியாபாரத்தைக் கொண்டுவா என்பது திட்டம். இதில் கடைகளை ஒருங்கிணைத்து நடத்தும் முறையைப் புறநகர் 'மால்' நிர்வாகத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் திறப்பது, மொத்தமாக விளம்பரம் செய்வது எல்லாம் மாலுக்கு உரியவை. அந்த மாலோ தன் பங்குக்குத் தெருவைத் திருடியது. 1956இல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல், முழுக்கக் கூரை வேய்ந்த முதல் மால். அதை வடிவமைத்த விக்டர் குரூன், நாஜிகளுக்குத் தப்பி 1938இல் வியன்னாவிலிருந்து வந்தவர். வியன்னாத் தெருவின் நடமாட்டத்தைப் புறநகருக்குக் கொண்டுவரலாம் என்று நம்பினார். பின்னாளில் இந்த மால்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவினார். தெருவை மால் நகலெடுத்தது, மாலைத் தெரு நகலெடுத்தது. இன்று பல மால்களே பூட்டிக் கிடக்கின்றன.

*

சரி, தெரு ஏன் காலியாச்சு? 'காலம் மாறிப்போச்சு' என்பது பொதுப்புத்தியின் பதில். காலம் தானாக மாறுவதில்லை. 1954இல் வருமான வரிச் சட்டத்தில் கட்டடத் தேய்மானத்தை வேகமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு மாற்றம் வந்தது. பழைய கட்டடத்தைப் பராமரிப்பதைவிடப் புறநகர் வயலில் புதிதாகக் கட்டிவிட்டு, வரிச்சலுகை தீர்ந்ததும் விற்றுவிட்டுப் போவது லாபம் என்றாயிற்று. 1956இல் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைச் சட்டம். சாலை ஊருக்குள் நுழையாமல் ஓரமாகப் போனது, கடைகளும் சாலையோரத்துக்குப் போயின. 1962இல் ஆர்கன்ஸாஸ் மாநிலத்தில் ரோஜர்ஸ் என்ற சிற்றூரில் முதல் வால்மார்ட் திறந்தது. அதை ஆரம்பித்த சாம் வால்டன், பக்கத்திலிருக்கும் பெண்டன்வில் ஊர்ச் சதுக்கத்தில் 1950இலிருந்து சின்னக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடை இப்போது வால்மார்ட்டின் அருங்காட்சியகம். கடைவீதிக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் கிடைக்காது.

1930களில் இந்தப் பிரச்சினை வேறு மொழியில் பேசப்பட்டது. சங்கிலிக் கடைகள் ஊர் ஊராகப் பரவியபோது மாநிலங்கள் அவற்றின்மீது தனி வரி போட்டன. இண்டியானாவின் வரி செல்லும் என்று 1931இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1936இல் ராபின்சன்-பேட்மன் சட்டம் வந்தது. பெரிய கடை என்பதற்காக மட்டும் உற்பத்தியாளர் அதற்கு மலிவாகவும் சின்னக் கடைக்கு அதிகமாகவும் விலை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. 1980களிலிருந்து அதை அமல்படுத்துவது அநேகமாகக் கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு மதுபான விநியோக நிறுவனத்தின்மீது அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது, இருபது வருஷத்துக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு. அந்தக் காலத்துச் சங்கிலிக்கடை எதிர்ப்பில் இனவெறியும் யூத வெறுப்பும் கலந்திருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறு வியாபாரி என்றால் உடனே புனிதன் என்று ஆகிவிடாது. ஆனாலும் அன்றைக்குக் கேள்வி சட்டமன்றத்தில் கேட்கப்பட்டது: யார் யாருக்கு என்ன விலையில் விற்கலாம்? இன்றைக்கு அதே கேள்வி வாங்குகிறவளின் மனச்சாட்சியில் கேட்கப்படுகிறது: 'உன் ஊர்க் கடையில் வாங்கக் கூடாதா?'

இந்த இடப்பெயர்ச்சியை ஒரு சினிமா அழகாகச் செய்து காட்டியிருக்கிறது. ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்', 1946. பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற கற்பனை ஊர். ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒரு பக்கம், ஊரையே விழுங்கப் பார்க்கும் பாட்டர் என்ற பணக்காரன் மறுபக்கம். சின்ன நிறுவனத்தின் 8,000 டாலர் பாட்டர் கையில் சிக்கிவிடுகிறது. அவன் கமுக்கமாக வைத்துக்கொள்கிறான். கிறிஸ்துமஸ் இரவில் ஊரே திரண்டு ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் கொண்டுவந்து கொட்டிக் கதாநாயகனைக் காப்பாற்றுகிறது. எல்லோரும் அழுகிறோம், நானும்தான். ஆனால் பாட்டருக்கு என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. பணம் அவனிடமேதான் இருக்கிறது. திருட்டு அப்படியே நிற்க, அதன் நட்டத்தை ஊர்க்காரர்களின் அன்பு கட்டித் தீர்க்கிறது. வங்கிக்காரனை இப்படிக் கெட்டவனாகக் காட்டலாமா என்று எஃப்.பி.ஐ. 1947இல் இந்தப் படத்தைக் கம்யூனிசச் சந்தேகப் பட்டியலில் குறித்துவைத்தது இன்னொரு வேடிக்கை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துபோனதால் தொலைக்காட்சிகள் காசு கொடுக்காமல் டிசம்பர்தோறும் ஒளிபரப்பின, அப்படித்தான் அது 'மரபு' ஆனது. இலவசம் உண்டாக்கிய மரபு!

நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஃபால்ஸ் என்ற ஊர், பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் நாங்கள்தான் என்று உரிமை கொண்டாடி டிசம்பரில் விழா எடுக்கிறது. 2010இல் படத்துக்காக ஓர் அருங்காட்சியகமும் திறந்தாகிவிட்டது. பெண்ணுரிமைக்கான 1848ஆம் ஆண்டின் மாநாடு நடந்த ஊர் அது. அதற்கும் அங்கே தேசியப் பூங்கா இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் டிசம்பரில் தெருவை நிரப்புவது சினிமா.

*

விழா நாளே யாருடைய சொத்து என்பது அடுத்த கேள்வி. நன்றி நவிலும் நாளை லிங்கன் 1863இல் நவம்பரின் கடைசி வியாழனாக அறிவித்தார். 1939இல் அந்த மாதத்துக்கு ஐந்து வியாழன்கள், கடைசி வியாழன் 30ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று பெரிய அங்காடிக்காரர்கள் முறையிட, ரூஸ்வெல்ட் அதை 23ஆம் தேதிக்கு முன்னே தள்ளினார். பாதி மாநிலங்கள் ஏற்றன, கிட்டத்தட்ட மறுபாதி மறுத்தன. 1941 டிசம்பரில்தான் நாலாவது வியாழன் என்று சட்டம் போட்டுச் சண்டையை முடித்தார்கள். இதில் எனக்குப் பிடித்த ஆவணம், புரூக்ளினில் ஆண்கள் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம். நாளை மாற்றாதீர்கள் என்கிறார். ஏன்? காலம் குறுகலாக இருந்தால்தான் பெரிய அங்காடியில் நெரிசல் தாங்காது. வழிகிற கூட்டம் எங்களைப் போன்ற தெருக்கோடிக் கடைக்கு வரும். சிறு வியாபாரிக்குப் பண்டிகை எப்படி வேலை செய்கிறது என்று எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நீட்டித்த பண்டிகை பெரியவனுக்கு, நெருக்கிய பண்டிகை சின்னவனுக்கு. இப்போது பண்டிகை அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது.

நன்றி நாளுக்கு மறுநாள் 'கறுப்பு வெள்ளி'. 1960களில் ஃபிலடெல்ஃபியா போலீஸ்காரர்கள் நெரிசலைத் திட்டி வைத்த பெயர் அது. நட்டத்தின் சிவப்பு மை லாபத்தின் கறுப்பு மையாக மாறும் நாள் என்ற மங்கலமான விளக்கம் பிற்பாடு வியாபாரிகள் ஒட்டியது. அதற்கும் அடுத்த நாள்தான் நம் விஷயம்: 'சிறு வணிகச் சனிக்கிழமை'.

இந்த நாளைக் கண்டுபிடித்தது கடைக்காரர் சங்கம் இல்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கடன் அட்டை நிறுவனம், 2010இல். 2008 நெருக்கடியில் சிறு கடைகள் விழுந்துகொண்டிருந்த காலம். அந்த நிறுவனமே 2009 ஜனவரியில் அரசின் மீட்பு நிதியில் 339 கோடி டாலர் பெற்று, அதே ஆண்டில் திருப்பிக் கட்டியிருந்தது. 2010 நவம்பர் 27, முதல் சனிக்கிழமை. பதிவுசெய்த அட்டைதாரர்கள் சின்னக் கடையில் அட்டையைத் தேய்த்து வாங்கினால் 25 டாலர் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். 2011இல் அமெரிக்க மேலவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டு வாழ்த்தியது. 2013இல் பிரிட்டனுக்கும் போனது. நாளின் பெயர் அந்த நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகச் சின்னம். ஒரு கிழமைக்குச் சொந்தக்காரன்!

அதே 2010இல், அந்த முதல் சனிக்கிழமைக்கு எட்டு வாரத்துக்கு முன்பு, அக்டோபர் 4ஆம் தேதி, அமெரிக்க நீதித்துறையும் சில மாநிலங்களும் அட்டை நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டன. விஷயம் இதுதான். ஒவ்வொரு அட்டை விற்பனையிலும் ஒரு சதவீதத்தைக் கடைக்காரர் அட்டை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் கட்டணம் போட்டியாளர்களைவிட அதிகம் என்பது பழைய புகார். 1991இலேயே பாஸ்டன் உணவகக்காரர்கள் இதற்காகக் கலகம் செய்தார்கள். சரி, அதிகமென்றால் வாடிக்கையாளரிடம் 'சார், வேற கார்டு இருந்தா குடுங்களேன்' என்று கடைக்காரர் கேட்கலாமா? கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே தடை. வழக்கு அந்தத் தடையைப் பற்றியது. மற்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடைசி வரை போராடியது. 2015இல் தோற்று, 2016இல் ஜெயித்து, 2018 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் வென்றது. சனிக்கிழமை தோறணத்தில் 'சின்னக் கடையை நேசி' என்று எழுதித் தருகிற கையும், கல்லாவில் நிற்கும் கடைக்காரரின் வாயைப் பொத்துகிற கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். சதிக்குத் திரை வேண்டும். இதுவோ பட்டப்பகலில் நடக்கிறது. கடைக்காரர்களில் பலர் அந்த நாளை நிஜமாகவே விரும்புகிறார்கள், அன்று வியாபாரமும் நடக்கிறது.

அதே வாரத்தில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. தங்கள் மாநிலத்தில் கடையோ ஆபீசோ இல்லாத நிறுவனத்திடம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று 1992இல் வந்த தீர்ப்பை, 2018 ஜூன் 21இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. இடைப்பட்ட 26 வருஷத்தில் அமேசான் வளர்ந்து நின்றுவிட்டது. தெருக்கடைக்காரர் வரி சேர்த்து விலை சொல்ல, கணினியில் வரியில்லாத விலை. 2011 டிசம்பர் 10, அதுவும் ஒரு சனிக்கிழமை. கடைக்குள் போய்ப் பொருளைக் கைபேசியில் படம் பிடித்து விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், எங்களிடம் வாங்கினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று அமேசான் அறிவித்தது. சிறு வணிகச் சனிக்கிழமை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஊர்க் கடை, அடுத்தவனுக்கு இலவசக் காட்சிக்கூடம்.

*

கிறிஸ்துமஸுக்கும் கடைக்கும் உள்ள உறவு ஒன்றும் ஆதியிலிருந்து வந்ததல்ல. ஸ்டீபன் நிஸன்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் எழுதிய புத்தகம் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. மாசசூசெட்ஸ் காலனியில் 1659இலிருந்து 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். காரணம் இறையியல் மட்டுமல்ல. அறுவடை முடிந்து வேலை ஓய்ந்து சாராயம் புதிதாக இருக்கும் அந்த நாட்களில் கூலிக்காரர்கள் கும்பலாகப் பாடிக்கொண்டு சீமான் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். உயர்ந்த சாப்பாடும் குடியும் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் வசவு. பக்தின் சொல்லும் தலைகீழாக்கம் இது. வருஷம் முழுக்கக் கை கட்டி நிற்பவன் ஒரு ராத்திரி அதட்டிக் கேட்கலாம். பிச்சை அல்ல, பாக்கி வசூல்.

1820களில் நியூயார்க்கின் மேட்டுக்குடியினர் இந்தத் தெருக் கிறிஸ்துமஸை வீட்டுக்குள் இழுத்துப் பூட்டினார்கள். கொடுக்கும் கை அதேதான். வாங்கும் கை மட்டும் மாறியது. கூலிக்காரனின் இடத்தில் சொந்தக் குழந்தை. 1823இல் வெளியான ஒரு பிரபலமான கவிதையில் சாண்டா கிளாஸ் கதவைத் தட்டுவதில்லை, புகைபோக்கி வழியாக இறங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். எதையும் கேட்பதில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் பரிசு கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், அடுக்களையில் மிஞ்சியதைக் கொடுக்க முடியாது. இங்கேதான் கடை உள்ளே வருகிறது.

இந்தப் பின்னணியில் சிற்றூர் விழாவைப் பார்த்தால், வீட்டுக்குள் போன பண்டிகை மறுபடி தெருவுக்கு வந்திருக்கிறது. பாட்டு இருக்கிறது, கும்பல் இருக்கிறது, திறந்த கதவுகள் இருக்கின்றன. அதட்டல் இல்லை. கதவைத் தாண்டி வருகிறவன் வாடிக்கையாளன். காசில்லாதவன் விளக்கைப் பார்க்கலாம், அது இலவசம்.

*

கடைவீதி எல்லோருக்கும் அன்பாக இருந்த ஒரு பொற்காலம் எப்போது என்று கேட்டால் பதில் சிக்கலாகும். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஊர்க் கடைக்காரர் என்பவர் கடன் நோட்டு வைத்திருப்பவர். விளைச்சலை அடகு வைத்து, வெள்ளைக்காரர் எல்லோரும் வாங்கிப் போகும் வரை காத்து நின்று, அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்க வேண்டும். சியர்ஸ் நிறுவனத்தின் தபால்வழி விலைப்பட்டியல் அவர்களுக்கு ஒரு சின்ன விடுதலையாக இருந்தது. தபாலில் எழுதினால் நிறம் தெரியாது. சில ஊர்களில் கடைக்காரர்கள் அந்தப் பட்டியல் புத்தகங்களைச் சேகரித்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 'உள்ளூரில் வாங்கு' என்ற முழக்கத்துக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து 2012இல் அண்ணாச்சி கடைக்காக நாமும் கோஷம் போட்டவர்கள்தான். அந்தக் கோஷத்தில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடை வாசலில் யார் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1962 டிசம்பர் 12. மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன். கேப்பிடல் தெருவில், உல்வொர்த் கடை வாசலில், டூகலூ கல்லூரி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் நாலு மாணவர்களும் தட்டி பிடித்து நின்றார்கள். கிறிஸ்துமஸுக்கு இந்தத் தெருவில் வாங்காதீர்கள் என்பதுதான் செய்தி. கொஞ்ச நேரத்தில் கைது. கேட்டது என்ன? வேலை கொடு, தனித்தனிக் குடிநீர்க் குழாயை எடு, முதலில் வந்தவருக்கு முதலில் கொடு. அப்புறம், எங்களைத் திரு, திருமதி, செல்வி என்று கூப்பிடு. பர்மிங்ஹாமில் 1963 போராட்டத்துக்கு ஈஸ்டர் காலத்தைத் தேர்ந்தெடுத்தபோது, கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி பெரிய வியாபார காலம் அதுதான் என்று கணக்குப் போட்டே செய்தார்கள். அந்த ஊர்த் தேவாலயத்தில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்ற பிறகு, அவ்வருஷம் கிறிஸ்துமஸுக்கு எதையும் வாங்காதீர்கள் என்று ஜேம்ஸ் பால்ட்வின் உள்ளிட்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் கேட்டுக்கொண்டார்கள். பண்டிகைக் காலம்தான் கடையின் உயிர்நிலை என்பது கடன் அட்டைக்காரர்களுக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜாக்சன் நகரம். போர்ட் கிப்ஸன் அதே மாநிலத்துச் சிற்றூர், கிளைபோர்ன் மாவட்டத்தின் தலைமையிடம், கறுப்பர்கள் பெரும்பான்மை. 1966 மார்ச்சில் அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள். பள்ளிகளில் பிரிவினை போக வேண்டும், நடுவர் குழுவில் இடம் வேண்டும், கறுப்பினப் போலீஸ்காரர்களை நியமிக்க வேண்டும். அத்தோடு எங்களை 'பையா', 'பெண்ணே', 'அங்கிள்' என்றெல்லாம் அழைக்கக் கூடாது என்றும் ஒரு வரி. உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது மரியாதைதானே என்று நமக்குத் தோன்றும். அறுபது வயதுக் கறுப்பரைத் 'திரு' போட்டு அழைக்க மனம் வராத வெள்ளையன் கண்டுபிடித்த சொல் அந்த 'அங்கிள்'. பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து கிடைக்காமல் எத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டாம்.

பதில் வரவில்லை. ஏப்ரல் 1 அன்று ஒரு தேவாலயத்தில் கூடிய சில நூறு பேர் வெள்ளையர் கடைகளில் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மெட்கர் எவர்ஸ் 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவர் பொறுப்பை ஏற்ற தம்பியல்ல, அண்ணன், சார்லஸ் எவர்ஸ் முன்னின்றார். கறுப்பினத்தவரைக் கடை ஊழியராக வைக்க வேண்டும் என்பதும் கோரிக்கையில் சேர்ந்தது. புறக்கணிப்பு வருஷக்கணக்கில் நடந்தது. மென்மையாக நடந்தது என்று கதை கட்ட வேண்டாம். கடை வாசலில் ஆள் நிறுத்திவைத்து, உள்ளே போனவர்களின் பெயரைக் குறித்துக் கூட்டத்தில் வாசித்தார்கள். சில இடங்களில் அடிதடியும் மிரட்டலும் நடந்தன. வாங்காமல் இருப்பதும் ஊர்க்கட்டுப்பாடாகத்தான் இயங்கியது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே வாங்குகிறவர் தன் நல்ல மனசைக் காட்டுவதற்காகக் கடைவீதிக்கு வரவில்லை. தெருவின் விதிகளை மாற்றச் சொல்லித் தன் காசை நிறுத்திவைத்தார். தனியாக அல்ல, கூடிப் பேசி.

1969இல் கடைக்காரர்கள் 17 பேர் வழக்குப் போட்டார்கள். என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின்மீதும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்க்காரர்கள்மீதும், இழந்த வியாபாரத்துக்கு நட்டஈடு கேட்டு. மாநிலக் கீழ் நீதிமன்றம் 1966இலிருந்து 1972 வரை கணக்குப் பார்த்து 12,50,699 டாலர் என்று தீர்த்தது. ஒரு சிற்றூர்க் கடைவீதியில் கறுப்பினத்தவர் நுழையாவிட்டால் கல்லாவில் எவ்வளவு குறையும் என்று கடைக்காரர்களே வருஷவாரியாகப் பட்டியல் போட்டு நிரூபித்தார்கள். 'திரு' என்று கூப்பிட ஆகும் செலவை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. 1982 ஜூலை 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வன்முறையால் நேர்ந்த நட்டத்துக்கு மட்டும் ஈடு கேட்கலாம். அமைதியாக வாங்க மறுப்பது அரசியல் பேச்சு, அதன் விளைவுக்குக் காசு வசூலிக்க முடியாது என்றது. சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு ஒரு கடையின் பெயரில்தான் இருக்கிறது: என்.ஏ.ஏ.சி.பி. எதிர் கிளைபோர்ன் ஹார்டுவேர் கம்பெனி.